மலை முழுக்க உன் பெயர்

நேற்று ஹட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்கு வரும் பஸ்ஸில் என் பக்கத்து ஸீட்டில் ஒரு பிள்ளை உன் புத்தகத்தை வாசித்துக்கொண்டு வந்தது. வெள்ளை யூனிபோம், இரட்டைப் பின்னல், ஏ.எல். படிக்கிற பதினெட்டு வயது. வளைவுக்கு வளைவு பஸ் சாய்கிறது, நிற்கிற ஆட்கள் மேலே வந்து விழுகிறார்கள், அது தலையைத் தூக்கவில்லை. அட்டையில் தண்ணீருக்குள் பாதி முழுகிய கோயில். அதைக் கண்டதுமே எனக்கு வயிற்றுக்குள் பழைய எரிச்சல் எழுந்து உட்கார்ந்துகொண்டது. நீ போய் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. செத்துப்போனவளைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? நான் படுகிறேன்.

ஒரு பக்கத்தில் அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டது. எந்தப் பக்கம் என்று எட்டிப் பார்க்காமலே எனக்குத் தெரியும். காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கக் கணக்கப்பிள்ளை தாய்க்காரியின் பெயரைக் கூப்பிட, காணாமல் போன மகளின் குரல் பனிக்குள்ளிருந்து ‘வந்திருக்காங்க’ என்று பதில் சொல்லுமே, அந்தப் பக்கம். அந்த இடத்தில் எல்லோரும் வாயைப் பொத்துகிறார்கள். முதல் தரம் நானும் பொத்தினேன். பிறகு கையை எடுத்துவிட்டு உன்னைத் திட்டினேன்.

பிள்ளை என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னது: “அன்டி, இது உண்மையாவே நடந்த கதையாம். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்துல ஒரு பொம்பளப் பிள்ள காணாமப் போயி, கெடைக்கவே இல்லையாம். ஒங்களுக்குத் தெரியுமா?”

“கேள்விப்பட்டிருக்கேன்” என்றேன்.

கிடைக்கவே கிடைக்காத அந்தப் பிள்ளை, மடியில் தக்காளிப் பையோடும் லைனிங் துணிப் பார்சலோடும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. நாற்பது வயதைத் தாண்டி, முழங்கால் வலியோடு. சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியிருக்காது. நம்பினாலும் முகம் விழுந்திருக்கும், இவ்வளவுதானா என்று.

இந்தக் கடிதத்தில் உன் பெயரை எழுத மாட்டேன். அந்தப் பெயரை இந்த மலை போதும் போதும் என்கிற அளவுக்குக் கூப்பிட்டாயிற்று. ஆனால் நீ என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாய். அன்று கூப்பிட்டபோது நான் ஏன் பதில் சொல்லவில்லை என்று. உயிரோடு இருந்தவரை உனக்கு நான் அதைச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், வேறு யாருக்கும் சொல்வதாக இல்லை.

கதை என்னவென்று எழுதினவளுக்கே நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், எத்தனை தரம் வாசித்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியட்டும். வெயில் காலத்தில் டேம் தண்ணீர் இறங்கி, முழுகிப்போன பழைய டவுனும் அதன் கோயிலும் வெளியே தெரிகின்றன. அன்று ஒரு பெண் பிள்ளை காணாமல் போகிறது. மறுநாளிலிருந்து, மணியே இல்லாத அந்தக் கோயிலிலிருந்து அந்தி நேரத்தில் மணிச் சத்தம் கேட்கிறது. தொழிலாளர் லயத்தின் வரிசை வீட்டு வாசல்களில் சின்னப் பிள்ளையின் ஈரக் காலடிகள், உள்ளே வருகிற காலடிகள் மட்டும், திரும்பிப் போகிற காலடி ஒன்றுகூட இல்லை. ஹட்டனிலிருந்து வரும் இன்ஸ்பெக்டர் முதலில் சிரிக்கிறார், பிறகு சிரிப்பதில்லை. யாரைச் சந்தேகப்படுவது என்று தெரியாமல் தோட்டமே ஒருவர் முகத்தில் ஒருவர் கதவடைக்கிறது. கடைசிவரை பிள்ளை கிடைப்பதில்லை. அது ஏன் போனது, தாய் கூப்பிட்டபோது ஏன் பதில் சொல்லவில்லை, ஒன்றுக்கும் விடையில்லை. அந்த விடையில்லாததைத்தான் எல்லோரும் ஆகா ஓகோ என்கிறார்கள்.

நிஜத்தில் அது ஓர் அந்திக்குள் முடிந்துபோன விஷயம். ஈரக் காலடியும் இல்லை, இன்ஸ்பெக்டரும் இல்லை.

நாம் இருவரும் ஒரே லயம், பக்கத்துப் பக்கத்துக் காம்பரா வீடு. உன் அம்மா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனபோது நமக்கு ஏழெட்டு வயதிருக்கும். முதலில் ஒரு கேசட் வந்தது, அவர் குரலைப் பதிந்து அனுப்பியிருந்தார். லயமே உங்கள் வாசலில் உட்கார்ந்து கேட்டு அழுதது. பிறகு ஒன்றும் வரவில்லை. உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியவில்லை. உன் அப்பாவும் அத்தையும் மலைக்கு வேலைக்குப் போய்விட்டால் நீ எங்கள் வீட்டில்தான் இருப்பாய். என் அம்மா ரொட்டி சுட்டால் முதல் ரொட்டி உனக்கு. தலை சீவினால் முதலில் உன் தலை. நான் முகத்தைத் தூக்கினால், “தாய் பக்கத்துல இல்லாத பிள்ளடி அது, ஒனக்குத்தான் நான் இருக்கேன்ல” என்பார். இருக்கிறார்தான். இருந்து எனக்கு இரண்டாவது ரொட்டியைத் தந்தார்.

அந்த வருடம் சித்திரைப் பிறப்புக்கு அம்மா மஸ்கெலியாக் கடையில் இரண்டு சட்டை வாங்கி வந்தார். ஒன்று மஞ்சள், ஒன்று பழுப்பா சாம்பலா என்று சொல்ல முடியாத ஒரு நிறம். மஞ்சளை நான் பிரிக்கும் முன்பே எடுத்து உன் தோளில் வைத்துப் பார்த்து, “இவளுக்கு என்னமா இருக்கு!” என்றார். இருந்தது, பொய் சொல்லக் கூடாது. உனக்கு எதுவும் நன்றாகத்தான் இருக்கும். எனக்கு அன்று உன்னைப் பிடித்துத் தள்ளிவிட வேண்டும் போல இருந்தது. தள்ளவில்லை. மறுநாள் ஸ்கூல் விட்டதும் உன்னோடு வராமல், தேயிலைக்குள் இறங்கும் குறுக்குப் பாதையில் டேமைப் பார்த்துத் தனியாக நடந்தேன். தண்ணீர் இறங்கிப் பழைய கோயில் வெளியே தெரிகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். உனக்கு முன்னால் நான் அதைப் பார்த்துவிட வேண்டும். என் திட்டம் அவ்வளவுதான்.

பார்த்தேன். வெடித்துக் காய்ந்த சேறு, அதில் ஒரு சோற்றுப் பானையின் வாய், ஒரு வீட்டின் படிக்கட்டு, அதற்கப்பால் கோயில். சாமி இல்லை, மணி இல்லை. சுவரெல்லாம் பாசி காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. சுற்றிவந்து பெருமையாக ஒரு சுவரடியில் உட்கார்ந்திருக்கும்போது பனி இறங்கியது. நம் பக்கத்துப் பனியை உனக்குத் தெரியும். மலை இருந்த இடத்தில் மலை இல்லை, வந்த பாதை இருந்த இடத்தில் பாதை இல்லை. எழுந்து நடந்தால் கால் சேற்றில் புதைந்தது. பயந்துபோய் அதே சுவரடிக்கு வந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அழுதேன் என்றும் நினைக்கிறேன்.

எவ்வளவு நேரமோ, பிறகு மேலே தேயிலைக்குள் ஆட்களின் சத்தம் கேட்டது. டோர்ச் வெளிச்சம் பனிக்குள் மஞ்சளாக அங்கும் இங்கும் ஆடியது. எழுந்துவிட்டேன். வாயைத் திறந்துவிட்டேன். அந்த நேரத்தில்தான் அவர்கள் கூப்பிடுவது காதில் விழுந்தது. உன் பெயர்.

முதலில் கங்காணியின் குரல். பிறகு உன் அப்பாவின் குரல், அத்தையின் குரல். அந்த மலை, இந்த மலை, எல்லா மலையிலிருந்தும் உன் பெயர்தான். நீதான் காணாமல் போய்விட்டாய் என்று நினைத்தேன். என்னை யாரும் தேடவே இல்லை, நான் இல்லாதது யாருக்கும் தெரியவே இல்லை என்று நினைத்தேன். அப்போது என் அம்மாவின் குரல் கேட்டது. அந்தக் குரலில் அம்மா என்னை ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. தண்ணீர்க் குழாயடியிலிருந்து, அடுப்படியிலிருந்து, ‘ஏய் ராணி’ என்று கூப்பிடுவார், அவ்வளவுதான். இது அடிவயிற்றிலிருந்து வந்தது. உடைந்து உடைந்து வந்தது. என் அம்மா, உன் பெயரைச் சொல்லி.

நான் வாயை மூடிக்கொண்டேன். மறுபடியும் சுவரடியில் உட்கார்ந்தேன். அவர்கள் உன்னையே தேடி எடுத்துக்கொள்ளட்டும்.

இதுதான் நீ கேட்ட கேள்விக்குப் பதில். மணியும் இல்லை, முனியும் இல்லை. மஞ்சள் சட்டையும் உன் பெயரும். இவ்வளவுதான்.

அம்மாவின் காலில்தான் நான் தட்டுப்பட்டேன். முதுகில் ஓர் அறை வைத்துவிட்டு, அப்படியே அள்ளிக் கட்டிக்கொண்டார். சேலையெல்லாம் நனைந்து, தேயிலைக் கிளை கிழித்த கையில் இரத்தம். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அணைப்பிலேயே எல்லாம் சரியாகியிருக்கும். ஆனால் அம்மா என் காதோரம் குனிந்து, “ஒண்ணுமில்லடி, ஒண்ணுமில்லடி” என்று சொல்லிவிட்டு உன் பெயரைச் சொல்லித்தான் என்னை அழைத்தார். தூக்கிக்கொண்டு மலையேறும் வழியெல்லாம் உன் பெயர். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே உன் பெயர். “நான் ராணிம்மா” என்றால், “பேசாத, வாயத் தொறக்காத” என்று கையால் என் வாயைப் பொத்தினார். வீட்டு வாசலைத் தாண்டி, வேப்பிலையால் தடவி, நெற்றியில் திருநீறு வைத்த பிறகுதான் “ராணி, என் ராணி, என் தங்கமே” என்று கதறினார். அப்போது நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அந்தப் பனியில் வந்த காய்ச்சல் விட்ட பிறகு நீதான் வந்து இரகசியமாகச் சொன்னாய். என் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, வாசலை ஒருதரம் பார்த்துவிட்டு.

“பனிக்குள்ள காணாமப் போன பிள்ளைய அதோட பேரச் சொல்லித் தேடக் கூடாதாம்டி. முனி கேட்டுக்குமாம். பெறகு ஒங்கம்மா கொரல்லயே ஒன் பேரக் கூப்புட்டு, ஒன்னையக் கூட்டிக்கிட்டுப் போயிருமாம். அதான் என் பேர எரவல் வாங்குனாங்க.”

“ஒன் பேர எதுக்கு?”

“ஒரே வயசுப் பிள்ளயா இருக்கணுமாம். என்னைய உள்ள வச்சு, வாசல்ல வெளக்குமாத்தக் குறுக்கப் போட்டுட்டுப் போனாங்க. யாரு கூப்புட்டாலும் ‘என்னா’ன்னு கேக்கக் கூடாதாம்.”

காணாமல் போன பிள்ளையிடம் இதைச் சொல்லக் கூடாது என்பதும் அந்த வழக்கத்தில் ஒரு பகுதி. சொன்னால் பயந்துவிடும் என்று பெரியவர்கள் விட்டுவிட்டார்கள். நான் ஊமை மாதிரி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, முனி என் நாக்கைக் கட்டிவிட்டது என்று லயம் முழுக்கப் பேச்சு. என்னைக் காப்பாற்றத்தான் அப்படிக் கூப்பிட்டார்கள் என்று அன்றே எனக்கு விளங்கிவிட்டது. விளங்கினால் போதுமா? காது கேட்டதைக் கேட்டுவிட்டதே. நீ அதைச் சொல்லும்போது உன் முகத்தில் ஒரு பெருமை இருந்ததாக எனக்குத் தோன்றியது. என் காய்ச்சலையும் நீயே எடுத்துக்கொண்டது போல.

அதோடு இன்னொன்றும் சொன்னாய். “கோயில் மணி அடிச்சிச்சு, ஒனக்குக் கேட்டுச்சா?”

கேட்கவில்லை. கோயில் சுவரில் முதுகை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். விளக்குமாற்றுக்குப் பின்னால் மேட்டு லயத்துக் காம்பராவுக்குள் இருந்த உனக்குக் கேட்டதாம். அன்றே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், நீ கதை எழுதத்தான் போகிறாய் என்று.

பிறகு நீ படித்தாய், நான் படிப்பை விட்டேன். நீ தோட்டத்து ஸ்கூலில் டீச்சரானாய், நான் மஸ்கெலியாக் கடைவீதியில் ஒரு தையல் மெஷினைப் போட்டுக்கொண்டேன். உன் சாரி பிளவுஸ் எல்லாம் நான்தான் தைத்தேன். கழுத்தைச் சரியாக வெட்டினால் உனக்கு இன்னும் அழகாக இருக்கும் என்று தெரிந்தும் சரியாகத்தான் வெட்டினேன், அதை நீ எனக்குச் சொல்லிக்காட்ட வேண்டாம். ஒரு நாள் பிளவுஸ் துணியோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாய். ஒரு நாவல் எழுதுவதாகச் சொன்னாய். நாம் தொலைந்துபோன கதை என்றாய். ‘நாம்’ என்றாய். என் வாயில் குண்டூசிகள் இருந்தன.

“எல்லாம் எழுதிட்டேன்டி. ஒண்ணுதான் இடிக்குது. அன்னிக்கு ஏன் நீ பதில் சொல்லல? ஒனக்குக் கேட்டிருக்கும்ல?”

நான் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினேன். “ஞாபகம் இல்ல” என்றேன்.

“பொய் சொல்லாதடி.”

“சின்னப் பிள்ளதானே, என்னா ஞாபகம் இருக்கும்? கைய நீட்டு, அளவெடுக்கணும்.”

எல்லாம் உனக்குப் போய்விட்டது. முதல் ரொட்டி, மஞ்சள் சட்டை, படிப்பு, நான் தொலைந்த கதைகூட. இந்த ஒன்றையாவது நான் வைத்துக்கொள்கிறேனே என்று நினைத்தேன். இப்போதும் அதில் எனக்கு வருத்தம் கிடையாது. ஆனால் கூத்தைப் பார். நான் சொல்லாத இடத்தில்தான் உன் கதையில் ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் நீ மணியை அடித்தாய், காலடிகளை நனைத்தாய், பெரட்டில் பிள்ளையின் குரலைப் பேசவைத்தாய். நான் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தால், சட்டைக்குக் கோபித்துக்கொண்ட ஒரு பிள்ளையின் கதையாக அது முடிந்திருக்கும். யாரும் பஸ்ஸில் வாயைப் பொத்தியிருக்க மாட்டார்கள். என் பொறாமையை முதலாகப் போட்டு நீ பெரிய ஆளாகிவிட்டாய்.

புத்தகம் வந்த நாட்களில் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். ஹட்டனில் கூட்டம், நுவரெலியாவில் கூட்டம், கொழும்பிலிருந்து ஆட்கள் வேன் பிடித்துக் கோயிலைப் பார்க்க வந்தார்கள். புத்தகக் கடைக்கார முஸ்லிம் நானா என் கடை வாசலுக்கே வந்து, “ராணி தங்கச்சி, ஒங்கட கூட்டாளிட புத்தகம் வந்த கையோட முடிஞ்சிட்டு. அந்தப் புள்ளக்கி என்னதான் நடந்ததாம்? நீங்க கேட்டுச் சொல்லுங்களேன்” என்றார். எனக்குப் பிளவுஸின் கைத் துண்டை இடம் வலம் மாற்றி வைத்துத் தைத்து, திரும்பப் பிரிக்க வேண்டியதாகிவிட்டது.

எல்லாவற்றையும்விட என்னைக் கொன்றது வேறொன்று. உன் கதையில் தொலையும் பிள்ளைக்கு நீ உன் பெயரையே வைத்திருந்தாய். புத்தகம் முழுக்கத் தேடினேன், ராணி என்று ஒரு எழுத்துக்கூட இல்லை. உன்னிடம் வந்து நேராகவே கேட்டேன்.

“தொலைஞ்சது நானு. ஒன் பேர எதுக்கு வச்ச?”

“அந்தப் பேரத்தானே கூப்புட்டாங்க” என்று சொல்லிச் சிரித்தாய்.

அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் புலம்பினேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, என்னைத்தான் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். தாய் பிள்ளையைத் தேடிக் கூப்பிடும் இடம் வந்ததும் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அந்தப் பக்கத்தை எத்தனையோ தரம் திரும்ப வாசிக்கவைத்தார். ‘அது பெற்ற வயிற்றிலிருந்து வரும் குரல். வேறெந்தப் பிள்ளையின் காதில் விழுந்தாலும், இது எனக்கில்லை என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிடும்’ என்று நீ எழுதியிருந்தாய். “எப்படி எழுதியிருக்கா பாரேன்” என்று அம்மா உன்னை மெச்சினார். மணியே அடிக்கவில்லை என்று நான் சொன்னால், “அடிச்சிச்சுடி, நானே கேட்டேன், நீ சும்மாரு” என்கிறார் இப்போது. என் சொந்த அம்மாவை, என் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, உன் கதைக்கு இழுத்துக்கொண்டாய்.

பிறகு உனக்கு நோய் வந்தது. நான் ஆஸ்பத்திரிக்கு வந்த அந்தக் கடைசிப் பகலில் வார்டில் சனம் நிறைந்திருந்தது. நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள் சோற்றுப் பார்சலும் இளநீருமாக அங்குமிங்கும் போய்க்கொண்டிருந்தார்கள். நீ மெலிந்து, அந்த நிலையிலும் தலையை அழகாகச் சீவி முடிந்திருந்தாய். நான் தோடம்பழத்தை உரித்து ஒவ்வொரு சுளையாகக் கொடுத்தேன். இரண்டைச் சாப்பிட்டுவிட்டுப் போதும் என்றாய். பிறகு நான் கேட்காமலே ஆரம்பித்தாய்.

“ராணி, அன்னிக்கு நான் உள்ள இருந்தேன்ல. கதவு இடுக்குல காத வச்சிக்கிட்டு இருந்தேன். மலை முழுக்க என் பேரு. எங்கம்மா போனப்புறம் என் பேர அப்படி யாரும் கூப்புட்டதில்லடி.”

“ம்” என்றேன்.

“மொதல்ல எனக்கு அம்புட்டுச் சந்தோசம். வெளக்குமாத்தத் தாண்டி ஓடிப்போயி ‘நான் இங்க இருக்கேன், இங்க இருக்கேன்’னு கத்தணும் போல இருந்திச்சு. பெறகு ஒங்கம்மா கொரல் வந்திச்சு பாரு. என் பேருதான். ஆனா நான் இல்ல. நான் போயி நின்னா அந்தம்மா ஏமாந்து போவாங்கன்னு தெரிஞ்சிச்சு. அத்தன சனம் என் பேரச் சொல்லுது, ஒருத்தருக்கும் நான் வேணாம்.”

உன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. நான் சேலைத் தலைப்பால் துடைத்தேன்.

“ஒன் மேல எனக்கு அம்புட்டுப் பொறாமடி” என்றாய். “இன்னமும்தான்.”

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? கோபம்தான் வந்தது. வாழ்நாள் முழுக்க நான் சோறு போட்டு வளர்த்த பொறாமை அது. அதிலும் நீ எனக்கு முந்திக்கொண்டாய். நான் வேறொரு பிள்ளையின் பெயரைக் கேட்டுத்தான் எரிந்தேன். நீ உன்னையே கூப்பிடக் கேட்டுவிட்டு, போக முடியாமல் உட்கார்ந்திருக்கிறாய். என்னுடையது சின்னதாகிப் போனது. என் பதிலை அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. “ஒங்கம்மாவ விட்டுட்டு எதுக்கு வந்த, நேரத்தோட பஸ்ஸப் புடி” என்று நீ கண்ணை மூடிக்கொண்டாய். அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்று எழுந்தேன். அடுத்த ஞாயிறு நீ இல்லை.

ஊருக்கு வந்து அந்தப் பக்கத்தை நானே எடுத்து வாசித்தேன். அம்மா கேட்டு அழுகிற பக்கத்தை. எத்தனையோ தரம் வாசித்தும் அந்த ‘வேறெந்தப் பிள்ளை’ யாரென்று எனக்கு ஓடவில்லை. நீதான். அம்மாவின் குரல் எனக்கானது என்று நீ கதவுக்குப் பின்னால் இருந்துகொண்டு தெரிந்துகொண்டாய். எனக்குப் பக்கத்தில் இருந்தும் தெரியவில்லை. பெயரை மட்டும் கேட்ட நான் முட்டாள், குரலைக் கேட்ட நீ கெட்டிக்காரி. அதனால்தான் கதையில் அந்தப் பிள்ளையைக் கடைசிவரை யாரும் கண்டுபிடிக்காமல் வைத்தாய் போல. கண்டுபிடித்துவிட்டால் தேடுவதை நிறுத்திவிடுவார்களே.

இன்று மதியம் உன் பதிப்பாளர் ஃபோன் பண்ணினார். உன் நாவலை மறுபடி அச்சடிக்கப் போகிறார்களாம். மரியாதையான மனிதர்.

“நீங்கதான் அந்தப் பிள்ளன்னு இங்க சொல்றாங்க. உண்மையில என்னா நடந்துச்சுன்னு நீங்க ரெண்டு பக்கம் எழுதித் தந்தீங்கன்னா, புத்தகத்தோட கடைசியில போட்டுடுவோம். ஒங்க பேரு, ஃபோட்டோ எல்லாம் போட்டு. வாசிக்கிறவங்க அதத்தான் கேக்குறாங்க.”

என் பெயர். என் ஃபோட்டோ. உன் புத்தகத்தில். மெஷினை நிறுத்திவிட்டேன். இத்தனை வருடம் நான் கேட்டது இதைத்தானே? ரெண்டு பக்கம்கூட வேண்டாம், நாலு வரி போதும். அந்த நாலு வரியில் உன் மணி நின்றுபோகும், ஈரக் காலடிகள் காய்ந்துபோகும், பெரட்டில் பேசின பிள்ளை வாயடைத்துப் போகும். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். அந்தப் பிள்ளை கிடைத்துவிட்டது, மஸ்கெலியாவில் தையல் கடை வைத்திருக்கிறது என்பார்கள். ஆசையாகத்தான் இருந்தது. அவர் ஃபோனில் காத்துக்கொண்டிருந்தார்.

“அது நான் இல்லைங்க” என்றேன்.

“அப்படியா? எல்லாரும் ஒங்களத்தானே சொல்றாங்க.”

“தப்பாச் சொல்றாங்க. எழுதுனவங்கதான் அந்தப் பிள்ள.”

“அவங்களா? அவங்களாங்க காணாமப் போனாங்க?”

“ஆமாங்க. அவங்க பேரச் சொல்லித்தான் தேடுனாங்க. மலை முழுக்கத் தேடுனாங்க. எங்கம்மாகூட அழுது அழுது தேடுனாங்க. நானே என் காதால கேட்டேன்.”

வைத்துவிட்டேன். வயிறு எரிகிறது. உனக்கு இன்னும் எத்தனை பேர் கூப்பாடு போடப் போகிறார்களோ. போடட்டும், வாசிக்கிறவர்கள் எல்லோரும் உன்னையே தேடட்டும். நான் அன்றைக்கே கிடைத்துவிட்டவள்.

உன் கூட்டாளி,
புஷ்பராணி